ஒன்பதரை அங்குலம்

மார்ச் 23, ஞாயிறு

பல் பீங்கான் விற்கிற கம்பெனிக்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள், செயற்கைப் பல் செய்யும் என் லேப்பில் டீ டம்ளருக்கு மூடியாக இருந்தது. பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் திரும்பும் பஸ்ஸில் சும்மா உட்கார முடியவில்லை. பையைக் குடைந்தால் இதுதான் கையில் அகப்பட்டது.

நேத்ராவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. பரீட்சை நேரத்தில் நான் வர வேண்டாம் என்று அவள் அம்மா சுபாஷிணி சொன்னதால் பிப்ரவரி முழுக்கப் போகவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மகளைப் பார்க்கலாம் என்பது கோர்ட் சொன்ன ஏற்பாடு. அதற்காகப் படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்ய முடியுமா? சரி என்றுவிட்டேன்.

எங்கள் ஞாயிறுகள் ஃப்ரேசர் டவுனில் ஒரு பேக்கரி மாடியில் கழிகின்றன. அங்கே ஷெர்வின் என்பவர் ஒரு கிளப் நடத்துகிறார். பெரிய மேசைமேல் தெர்மாகோல் மலை, பஞ்சு மரங்கள், அட்டை வீடுகள். அவற்றுக்கு நடுவில் கட்டைவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகள். டைஸ் உருட்டி, இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்திப் போர் நடத்த வேண்டும். பொம்மை என்றால் நேத்ராவுக்குக் கோபம் வரும். "மினியேச்சர்னு சொல்லுங்கப்பா!" டைரியில் யார் கேட்கப் போகிறார்கள், பொம்மை என்றே எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இதில் இறங்கினாள். நானும் இறங்கினேன். காலை முதல் மாலை வரை செயற்கைப் பல்லுக்குப் பொடிப் பிரஷ்ஷால் நிறம் ஏற்றுகிறவனுக்குப் பொம்மையின் கண்ணுக்கு மை வைப்பது பெரிய வேலை இல்லை. அவள் படை முழுக்க நான் பெயிண்ட் அடித்துக் கொடுத்ததுதான்.

இன்றும் அவள்தான் ஜெயித்தாள். அப்புறம் கீழே பேக்கரியில் தேங்காய் பன் சாப்பிடும்போது சொன்னாள்.

"அம்மாவுக்கு மஸ்கட்ல வேலை கிடைச்சிருக்குப்பா. ஜூன்ல போகணும்."

"நல்ல விஷயம்தானே கண்ணு."

"நான் எங்க இருக்கணும்னு நானே முடிவு பண்ணிக்கலாமாம். மஸ்கட்டா, கோயம்புத்தூரான்னு. அம்மா சொன்னாங்க."

"உன் இஷ்டம் கண்ணு. உனக்கு எது நல்லதோ அதைச் செய்."

அவள் பன்னில் இருந்த டூட்டி ஃப்ரூட்டியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரம் வைத்தாள். நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? பதினாறு வயதுப் பெண். நாம் ஒன்று சொல்லி, அவள் நமக்காக மனதை மாற்றிக்கொண்டால் அது பாவம் இல்லையா?

மார்ச் 26, புதன்

வீட்டில் பின்னறையை ஒழித்தேன். லேப் சாமான் வைக்க இடம் போதவில்லை. பெயிண்டர் வந்து என்ன கலர் என்று கேட்டான். இளம்பச்சை என்றேன். லேப் சாமானுக்கு எதற்கு இளம்பச்சை என்று அவன் கேட்கவில்லை, நல்லவேளை.

ஏப்ரல் 3, வியாழன்

அவினாசி ரோட்டில் மணிவாசகம் என்பவருக்கு டைல்ஸ் ஷோரூம். வியாழக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்பக்கம் டைல்ஸ் பெட்டிகளை அடுக்கி மேசையாக்கி நாலைந்து பேர் ஆடுகிறோம். கோயம்புத்தூரில் இதுதான் கிளப். எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை என்பதால் வாரம் தவறாமல் போகிறேன்.

மணிவாசகத்துக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. வெற்றிலைக் கறை ஏறிய பல். நானாக இருந்தால் அதற்கு நிறம் பொருத்த மூன்று பவுடர் கலக்க வேண்டும். ஆட்டத்தில் ஈவு இரக்கம் கிடையாது. இன்று அவருடைய யானைப் படையை இரண்டு பக்கமும் வளைத்து நொறுக்கினேன். மனுஷன் டேப்பைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏனுங்க தனபாலு, இந்தப் போடு போடறீங்கொ. அப்புறம் புள்ளைகிட்ட மட்டும் போறப்பவெல்லாம் தோத்துட்டு வந்தேன்னு சொல்றீங்களே, அதெப்படிங்க?"

"அவ நல்லா ஆடுவாளுங்க."

"ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மகளிடம் தோற்பதில் என்ன குறைந்துவிடும்? மாதத்தில் இரண்டு நாள்தான் பார்க்கிறேன். அந்த இரண்டு நாளும் அவள் முகம் மலர்ந்திருக்கட்டும். அவ்வளவுதான் இதில் உள்ள விஷயம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெங்களூர். இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் பொம்மை போகும் தூரத்தை அவரவர்தான் அளக்க வேண்டும். எதிராளி குனிந்து டேப்பைப் பார்த்தால் அது நம்மைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். அதனால் யாரும் பார்ப்பதில்லை. என் குதிரைகள் பத்து அங்குலம் பாயும். அவள் தளபதி எட்டங்குலத்தில் நின்றாலும் டேப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து "ப்ச், எட்டல கண்ணு" என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டேன். அடுத்த முறையில் அவள் என் குதிரைகளை ஒழித்துக்கட்டிவிட்டு மேசையைச் சுற்றி ஒரு குதி குதித்தாள். அதைப் பார்க்கத்தானே ராத்திரி பஸ்ஸில் முட்டி மடக்கி வருகிறேன்.

சிரித்தபோது கவனித்தேன். மேல் முன்பற்களின் நுனி மழுங்கியிருக்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்குத்தான் இப்படித் தேயும். இந்த மாதிரி வாய்க்கு மாட்டுகிற கவசம் வாரத்துக்குப் பத்துப் பேருக்குச் செய்கிறேன், எல்லாம் கடன்காரர்களும் ஐ.டி.காரர்களும். பதினாறு வயதில் யாருக்கும் செய்ததில்லை.

"தூக்கம் சரியா வருதா கண்ணு?"

"ம்."

பிறகு அவளாகவே கேட்டாள். "கோயம்புத்தூர்ல ஸ்கூல்லாம் எப்படிப்பா?"

"எல்லா ஊர்லயும் ஸ்கூல் இருக்கு கண்ணு. மஸ்கட்ல இன்னும் நல்லாவே இருக்கும்."

"ஓ" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

சிங்காநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்க்கை பற்றி விசாரித்தேன். தெரிந்த டாக்டர் ஒருவரின் மகளுக்காக என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

கட்டில் வந்து இறங்கியது. ஆடித் தள்ளுபடி மாதிரி ஏதோ சித்திரைத் தள்ளுபடியாம். படிக்கிற மேசையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. லேப் சாமான் இன்னும் லேப்பிலேயே கிடக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

கிளப்பில் அடுத்த மாதச் சென்னை மாநாடு பற்றித்தான் பேச்சு. கீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை இரண்டு நாள் எடுக்கிறார்களாம். நாலு மாநிலத்திலிருந்து ஆள் வருகிறார்கள். ஐந்து ஆட்டம், கடைசியில் ஒரு கோப்பை. நேத்ரா மூன்று வாரமாக அதற்குத்தான் திட்டம் போடுகிறாள். ஷெர்வின் தன் மனைவியோடு கிளப் பிள்ளைகளை ரயிலில் கூட்டிப் போகிறார். கோயம்புத்தூரிலிருந்து நானும் மணிவாசகமும் பெயர் கொடுத்திருக்கிறோம்.

"கோப்பை ஜெயிச்சிட்டா அம்மா இதை வேஸ்ட் டைம்னு சொல்ல மாட்டாங்க" என்றாள். குரலில் அவ்வளவு ஆசை.

திரும்பும்போது சுபாஷிணி போன் செய்தாள். எப்போதும் மெசேஜ்தான், போன் அபூர்வம்.

"நேத்ரா விஷயமா நீங்க ஏதாவது சொல்லுங்களேன்."

"அவ இஷ்டம் சுபா. அவளுக்கு எது சரின்னு படுதோ..."

"உங்களுக்கு எது சரின்னு படுது? அதைத்தான் கேக்கறேன்."

"ரெண்டும் சரிதான்."

"உங்ககிட்டப் பேசறது செவுத்துல பந்து எறியற மாதிரி கூட இல்லீங்க. செவுத்துல எறிஞ்சா பந்தாவது திரும்பி வரும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பத்து வருஷக் குடித்தனத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள். அவள் பெங்களூரில் வேலைக்குப் போகிறேன் என்றாள், சரி என்றேன். தனியாக இருக்கிறேன் என்றாள், சரி என்றேன். கோர்ட்டில் குழந்தை அவளிடம் இருக்கட்டும் என்றபோதும் சரி என்றேன். என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். எட்டு வயதுக் குழந்தையை நடுவில் வைத்து இழுபறி நடத்தக் கூடாது என்று நினைத்தேன். இதில் எது செவுரு என்று எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் தாடை வலி. கண்ணாடியில் பார்த்தால் என் கடைவாய்ப் பல்லும் தேய்ந்திருக்கிறது. எனக்கே ஒரு கவசம் வார்க்க வேண்டும் போலிருக்கிறது. மத்தியானம் லேப்பில் இரண்டு பல் கேப் உடைந்தது, இரண்டும் என் கைத்தவறு.

மே 4, ஞாயிறு

சென்னையிலிருந்து திரும்பும் ரயில். எதிர் பெர்த்தில் மணிவாசகம் தூங்குகிறார், அல்லது எனக்காகத் தூங்குகிற மாதிரி இருக்கிறார். எழுதாமல் இருக்க முடியாது.

மண்டபத்தில் நுழைந்ததுமே பன்னீர் வாசனை. முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் இன்னும் வாசலில். பந்தி மேசைகள்தான் போர்க்களம். வடை, காபி, இந்தியில் சண்டை, தெலுங்கில் சமாதானம். கோப்பையை மணமேடையில் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மூன்று ஆட்டம், ஞாயிறு காலை ஒன்று. ஜெயித்தவரோடு ஜெயித்தவர் மோத வேண்டும் என்பது முறை. நேத்ரா நாலும் ஜெயித்தாள். நாலும் முழுக்க முழுக்க அவள் ஆட்டம். நான் என் மேசையில் ஆடிக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருந்தேன்.

நானும் நாலு ஜெயித்துத் தொலைத்தேன். அந்நியர்களிடம் ஜெயிப்பதில் எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்காமல் போனேனே, அதுதான் புத்திகெட்டத்தனம்.

"அப்பா! நீங்களும் நாலா?" என்று ஓடி வந்து என் தோளைக் குலுக்கினாள். "ஃபைனல் நம்ம ரெண்டு பேரும்! செமையா இருக்குப்பா!" அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. தோற்கப் போவது யார் என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடைசி ஆட்டம் மணமேடையில். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். ஷெர்வின்தான் நடுவர். பாதி ஆட்டத்தில் நேத்ரா ஒரு தப்புச் செய்தாள். தளபதியைத் துணையில்லாமல் குன்றின்மேல் நிறுத்திவிட்டாள். என் குதிரைகளுக்கு நேர் எதிரே. என் முறை. மேசையைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நேத்ராவும் தப்பைக் கண்டுகொண்டு உதட்டைக் கடித்தாள். அந்த உதட்டைப் பார்த்தேன். கோப்பையைப் பார்த்தேன். டேப்பை விரித்தேன், சாய்த்தேன்.

"எட்டலைங்க" என்றேன்.

மற்ற நாளாக இருந்தால் யாரும் குனிந்திருக்க மாட்டார்கள். கடைசி ஆட்டம் என்பதால் ஷெர்வின் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"சார், இன்னொரு வாட்டி அளங்க."

"எட்டலைங்க, பார்த்துட்டேன்."

அவர் தன் டேப்பை எடுத்து நேராக வைத்தார். "ஒன்பதரை இஞ்ச் சார். உங்க குதிரை பத்து போகும்."

"கண்ணாடி இல்லாம சரியாத் தெரியலைங்க" என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது.

யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு சென்னைப் பையன், "இன்னாபா இது, அப்பனும் பொண்ணும் பேசி வச்சு ஆடறாங்களா?" என்றான். ஷெர்வின் அவனை அதட்டினார். ஆனால் என் பக்கம் திரும்பியபோது அவர் முகமும் சரியாக இல்லை. "தெரிஞ்சே தப்பா அளந்தா ஆட்டம் ரெண்டு பேருக்கும் கிடையாது சார். தனக்கு எதிரா அளந்தாலும் ரூல் அதேதான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கோப்பை ஹைதராபாத்காரர் ஒருவருக்குப் போனது.

நேத்ரா அழவில்லை. ஒவ்வொரு பொம்மையாக எடுத்துப் பெட்டியில் ஸ்பாஞ்சுக் குழிக்குள் வைத்தாள். மண்டப வாசலில் செருப்பு விடுகிற இடத்தில்தான் பேசினாள்.

"இது எத்தனையாவது தடவைப்பா?"

நான் குனிந்து என் செருப்பைத் தேடினேன்.

"ரெண்டு வருஷமா உங்ககிட்ட நான் ஜெயிச்சதுல எது நெஜம்?"

"நீ நல்லாத்தான் ஆடற கண்ணு."

"அதைக் கேக்கல. எது நெஜம்?"

"உன் சந்தோஷத்துக்குத்தான் விட்டுக்கொடுத்தேன்."

"யாரு கேட்டாங்க?" அவள் கத்தினாள். காபி டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "நான் கேட்டேனா? அம்மா என்னைப் பெங்களூர் கூட்டிட்டுப் போறேன்னாங்க, சரின்னீங்க. மாசம் ரெண்டு நாள்னாங்க, சரின்னீங்க. எக்ஸாமுக்கு வராதீங்கன்னாங்க, அதுக்கும் சரி. மஸ்கட்னு நான் வந்து சொல்றேன், நல்ல விஷயம்கறீங்க. நான் வேணும்னு உங்களுக்கு ஒரு தடவை கூடத் தோணலையாப்பா? கேமை விட்டுக்கொடுத்த மாதிரியே என்னையும் விட்டுக்கொடுத்துட்டீங்க."

ஷெர்வினின் மனைவி வந்து அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிப் போனார்.

நான் என்ன தப்புச் செய்துவிட்டேன்? ஜெயிக்கட்டும் என்று நினைத்தது தப்பா? உலகத்தில் எந்த அப்பனும் செய்கிற காரியம். எழுத்து கோணலாக வருகிறது, ரயில் ஆட்டம்.

மே 5, திங்கள்

ரயில் ஆட்டம் இல்லை. இன்றும் கோணலாகத்தான் வருகிறது.

மே 10, சனி

நேத்ரா போனை எடுப்பதில்லை. போன ஞாயிறு சென்னையில் போய்விட்டதால் நாளைதான் என் ஞாயிறு. சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது: "நாளைக்கு வர வேண்டாம்." சரி என்று டைப் அடித்தேன். அனுப்பவில்லை. அழித்தேன். வேறு என்ன டைப் அடிப்பது என்று தெரியவில்லை.

மே 13, செவ்வாய்

சுபாஷிணியிடமிருந்து மெசேஜ். மஸ்கட்டில் பள்ளிச் சேர்க்கை உறுதியாகிவிட்டதாம். நேத்ரா அங்கேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். "உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்."

பின்னறைக் கதவைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடி சாத்தினேன். லேப்புக்குப் போகாமல் உக்கடம் வரை நடந்தேன், காரியம் ஒன்றும் இல்லை. குளக்கரையில் நின்றேன், திரும்பினேன், வீட்டுக்கு வந்து மறுபடி உக்கடம் போனேன்.

மே 15, வியாழன்

டைல்ஸ் ஷோரூமில் ஆட்டம் ஓடவில்லை. முதல் பத்து நிமிஷத்திலேயே என் படை சிதறிப் போனது. மணிவாசகம் டைஸை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? புள்ள தோத்தா அழுதுபோடும்னு பயந்தீங்களா, இல்ல நீங்க ஜெயிச்சுப்போட்டா உங்க மேல கோவிச்சுக்கும்னு பயந்தீங்களா?"

"உங்களுக்கு என்னய்யா தெரியும்?" என்று கத்தினேன். "மாசம் ரெண்டு நாள் பார்த்துட்டு மீதி நாளெல்லாம் அந்த ரெண்டு நாளையே நினைச்சுட்டு உக்காந்திருந்தா உங்களுக்குத் தெரியும்! அந்த ரெண்டு நாள்ல அவ மூஞ்சியச் சுளிச்சுட்டா, அடுத்த தடவை வர வேண்டாம்னு சொல்லிட்டா நான் எங்கய்யா போவேன்?" டேப்பை வீசி எறிந்தேன். அது ஒரு டைல்ஸில் பட்டு டைல்ஸ் விரிசல் விட்டது.

மணிவாசகம் விரிசலைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, அதிசயமாகத்தான் பார்த்தார்.

"கத்தத் தெரியுதுங்களே உங்களுக்கு! இதை இங்க கத்தி என்னுங்க பிரயோசனம்? டைல்ஸ்தான் ஒடையுது."

உண்மையைச் சொன்னால், கத்தியது நன்றாக இருந்தது.

மே 18, ஞாயிறு

சிவாஜி நகர் லாட்ஜ். மாலை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

இது என் ஞாயிறு இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே பேக்கரி மாடி ஏறினேன். நேத்ரா தனியாக ஒரு மேசையில் மரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னிக்கு உங்க ஞாயிறு இல்லையே."

"இல்லதான். வந்துட்டேன். ஒரு ஆட்டம் போடலாமா?"

"எதுக்கு? நான் ஜெயிக்கறதுக்கா?"

"போட்டுப் பாரு."

ஷெர்வின் தூரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார். ஆட்டம் ஆரம்பமானது. ஒவ்வொரு முறை நான் டேப்பை விரித்தபோதும் நேத்ரா குனிந்து, கண்ணை டேப்போடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். கிளப்பே பார்த்தது. இதைவிடப் பெரிய அவமானம் இந்த ஆட்டத்தில் கிடையாது. பார்க்கட்டும் என்று டேப்பை அழுத்திப் பிடித்தேன். எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். ஏழு. ஆறரை. பத்து.

பத்து என்றபோது என் குதிரைகள் அவள் இடது பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போயின. மரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஈட்டிக்காரர்களை வெளியே விட்டேன். டைஸ் சரியாக விழாமல் அவள் வில்லாளிகள் பயந்து ஓடினார்கள். தளபதி மேசை விளிம்பு வரை போய், விளிம்பையும் தாண்டினான். முக்கால் மணி நேரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. என் மகளை இப்படி அடித்து நொறுக்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரோடு பேச்சையே நிறுத்தியிருப்பேன்.

அவள் முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. ஆறுதல் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினேன்.

"அந்த ஈட்டிக்காரங்களை எப்ப அங்க கொண்டு போனீங்க?"

"மூணாவது முறையில."

"நான் பாக்கல."

"பாக்காம விட்டது உன் தப்பு."

"என்னப்பா நீங்க!" என்று மேசையை ஓங்கித் தட்டினாள். இரண்டு மரம் சாய்ந்தது. "இன்னொண்ணு போடுங்க. இப்பவே."

இரண்டாவது ஆட்டம் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டிப் போனது. என்னிடமிருந்த எல்லா வித்தையையும் இறக்கினேன். அவள் பாலத்தை விட்டுக் கொடுக்கிற மாதிரி பின்வாங்கி, நான் உள்ளே வந்ததும் இரண்டு கரையிலிருந்தும் மூடினாள். கடைசி டைஸில் என் தளபதி போய்ச் சேர்ந்தான். தோற்றேன். நிஜமாகவே தோற்றேன். காது சூடாகிவிட்டது.

"சே! அந்தப் பாலத்துல நான் ஏறியிருக்கவே கூடாது" என்று என் குதிரை ஒன்றைப் பெட்டிக்குள் எறிந்தேன்.

நேத்ரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்களுக்குக் கோவம் வருதா?"

"வராம? கையில இருந்த ஆட்டம்!"

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாய் பழைய பாட்டையே பாடிவிடும் என்று பயந்து சொன்னேன்.

"மஸ்கட் வேண்டாம் கண்ணு."

சிரிப்பு நின்றது.

"உன் இஷ்டம் என்னன்னு எனக்குத் தெரியாது. என் இஷ்டத்தைச் சொல்றேன். நீ என்கூடக் கோயம்புத்தூர்ல இருக்கணும். உனக்கு ரூம் பெயிண்ட் அடிச்சாச்சு. ஸ்கூல் விசாரிச்சாச்சு. நீ போயிட்டா எனக்கு ஆகாது. நீ எனக்கு வேணும்."

அவள் ஒரு குதிரைவீரனை எடுத்து வளைந்திருந்த ஈட்டியை நிமிர்த்தினாள். நிமிர்ந்த பிறகும் நிமிர்த்திக்கொண்டே இருந்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"சண்டை போடுவாங்க."

"நானும் போடறேன்."

அங்கிருந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனோம். சுபாஷிணி கதவைத் திறந்தபோது ஹாலில் பாதி கட்டிய அட்டைப் பெட்டிகள். உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே சொன்னேன், நேத்ரா என்னோடு இருக்கட்டும் என்று. அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டாள்.

"அட்மிஷன் போட்டாச்சுங்க."

"வேண்டாம்னு எழுதிப்போடு."

"இத்தனை நாள் கேட்டேனே! போன் பண்ணிக் கேட்டேனே! அப்ப ரெண்டும் சரின்னீங்க."

"அப்பச் சொன்னது பொய்."

"நீங்க நினைச்சப்ப வந்து நின்னா நான் எல்லாத்தையும் மாத்தணுமா? அவ படிப்பு என்ன ஆறது? நீங்க நாள் முழுக்க லேப்ல இருப்பீங்க, அவளுக்குச் சோறு யாரு போடுவா?"

"நான் போடுவேன்! எட்டு வருஷமா நானேதான் எனக்குச் சோறு போட்டுக்கறேன், செத்தா போயிட்டேன்?"

"கத்தாதீங்க."

"கத்துவேன்!"

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் கதவு உடனே மூடிக்கொண்டது. அவள் என் லேப்பை இழுத்தாள், நான் அவள் மெசேஜ்களை இழுத்தேன். அவள் என் வாய் செத்த தனத்தைப் பேசினாள், நான் அவள் அவசரத்தைப் பேசினேன். ஒரு அட்டைப் பெட்டி என் காலில் இடறி, பாத்திரங்கள் உருண்டன. அதைப் பொறுக்குவது யார் என்பதற்கும் ஒரு சண்டை. பிறகு சுபாஷிணி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள்.

"இதை எட்டு வருஷத்துக்கு முன்னாடி கத்தியிருக்கலாம் இல்லைங்க?"

பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டியில் உட்கார்ந்தேன்.

நேத்ரா சமையலறை வாசலில் தட்டும் கையுமாக நின்று தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை அல்லவா. ஊறுகாயை நக்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டை போடுகிற வீட்டில் பிள்ளைகள் பயந்து போவார்கள் என்பார்கள். இவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

முடிவு ஒன்றும் ஆகவில்லை. சுபாஷிணி முடியவே முடியாது என்கிறாள். நான் விடவே மாட்டேன் என்கிறேன். நேத்ரா இருவரிடமும் "யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். வாசல் வரை வந்து, செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

"நாளைக்கும் வருவீங்களாப்பா?"

லேப்புக்குப் போன் செய்து இந்த வாரம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லாட்ஜ்காரனிடம் அறையை நீட்டிக்கச் சொன்னேன். நாளை காலை பத்து மணிக்குப் போகிறேன். சண்டை இன்னும் பாதிகூட முடியவில்லை.